மழைக்காலத்தில் மீல்வார்ம் டப்பா: ஈரத்தை எப்படிக் குறைப்பது?

வணக்கம் நண்பர்களே. வேளச்சேரியில மொட்டைமாடி ஷெட்ல அரோவானா மீனுக்கு இரையா மூணு டப்பா மீல்வார்ம் (தவிட்டுல வளர்ற புழு) வளர்க்கிறேன். மே மாசம் உள்ளே 38 டிகிரி. புழு எல்லாம் தவிட்டுக்கு மேலே வந்து துவண்டு கிடந்துச்சு. ஹால் மூலைக்கு மாத்தினேன், 28-க்கு இறங்கிச்சு (வீட்ல வாங்கின திட்டு தனிக்கதை).

இப்போ அடைமழை. ஹைக்ரோமீட்டர் (காத்துல ஈரப்பதம் காட்டுற கருவி) 85 சதவீதத்தை விட்டு இறங்கவே மாட்டேங்குது. நேத்து டப்பா விளிம்புல சாம்பல் தூவின மாதிரி இருந்துச்சு, உத்துப் பார்த்தா நகருது! மைட் (பொடி உண்ணி) தான். புழுவுக்கு ஈரத்துக்காகப் போடுற கேரட்டை நிறுத்திட்டேன், மூடியை வெட்டி வலையும் ஒட்டியாச்சு.

தவிட்டை மொத்தமா கொட்டினா அதுல இருக்கிற முட்டையும் போயிடுமே? புழு வளர்ந்து வண்டான டப்பாவையாவது காப்பாத்த வழி இருக்கா? ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டா கூட்டுப்புழு காய்ஞ்சிடுமா? சென்னை மழையில வளர்த்தவங்க கொஞ்சம் சொல்லுங்க.