காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் 'துரு' கண்காட்சி: கலைஞர்களுக்கு அழைப்பு எழுதுவது எப்படி?

ராயபுரம் டீச்சர்:

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அப்பா விட்டுப்போன ஐஸ் கம்பெனி காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சந்தில் இருக்கிறது. ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. விற்றுவிடு என்று தம்பி நச்சரிக்கிறான். விற்பதற்கு முன் ஒரே ஒரு முறை அதற்குள் கண்காட்சி நடத்திப் பார்க்க ஆசை. பொருள்: துரு.

ஐஸ் கம்பெனியை உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தரைக்குள் நீளமான தொட்டி, அது நிறைய உப்புக் கரைசல். பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தாலும் அது உறையாது. தகரக் கேன்களில் நல்ல தண்ணீரை நிரப்பி அதற்குள் இறக்கிவைத்தால் மறுநாள் பார் பாராக ஐஸ் கிடைக்கும். எங்கள் தொட்டியில் 160 கேன்கள். உப்பு வேலையைக் காட்டியதில் இன்றைக்கு ஒவ்வொன்றும் ஒரு நிறம்: மஞ்சள், காவி, கருவாட்டு நிறம். ஓரத்தில் இருக்கும் ஒன்று விரல் பட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. அப்பா இருந்தவரை துருப்பிடிக்காமல் இருக்க வருடா வருடம் ரெட் ஆக்சைடு பூச்சு அடிப்பார். அவர் போனபின் டப்பாவைத் திறக்க ஆளில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாட்கள். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், சந்தில் மீன் லாரிகள் நிற்காது. அதற்குள் வைத்து எடுத்துவிட வேண்டும். ஓய்வு பெற்றபோது வந்ததில் நான்கு லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். எட்டுக் கலைஞர்கள் என்று மனக்கணக்கு.

கலைஞர்களிடம் திட்டம் கேட்டு வெளியிடும் அழைப்பின் முதல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன்:

"காலம் என்னும் மாபெரும் சிற்பி இரும்பின் மேனியில் எழுதும் கவிதையே துரு. நினைவுக்கும் மறதிக்கும் இடைப்பட்ட வெளியில், அழிவின் அழகியலை மறுவாசிப்பு செய்யும் படைப்புகளை வரவேற்கிறோம்."

விண்ணப்பத்துக்கு 500 ரூபாய் கட்டணம் வைத்தால் விளையாட்டுக்கு அனுப்புகிறவர்கள் குறைவார்கள் என்று ஒருவர் சொன்னார். வைக்கலாமா?

கரித்துண்டு:

டீச்சர், கோபித்துக்கொள்ளக் கூடாது. கேன் அப்பளமாக நொறுங்குகிறது என்றீர்களே, அதுதான் அழைப்பு. மேற்கோளுக்குள் இருப்பதில் 'இரும்பு', 'துரு' இரண்டையும் எடுத்துவிட்டு 'சுவர்', 'பாசி' என்று போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். அதைப் படித்துவிட்டு நானும் 'மறதியின் அடுக்குகள்' என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்புவேன். உங்களுக்கும் லாபமில்லை, எனக்கும் இல்லை.

கட்டணம் வைக்கவே வைக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்புக்கு 1,500 ரூபாய் கட்டி, மூன்று வாரம் உட்கார்ந்து அளவுப் படங்கள், மாதிரி, செலவுக் கணக்கு எல்லாம் தயாரித்து அனுப்பினேன். இல்லை என்று ஒரு வரிகூட வரவில்லை. இப்போதும் அழைப்பு என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு முதலில் அந்த ரசீதுதான் நினைவுக்கு வரும்.

இரண்டு கட்டமாக வையுங்கள். முதலில் ஒரே பக்கமும் பழைய படைப்புகளின் மூன்று படங்களும் போதும். அதிலிருந்து பத்துப் பேரைப் பொறுக்கி, விரிவான திட்டம் கேளுங்கள். அந்த வேலைக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுங்கள். தேர்வாகாதவர்களுக்கும் அது போக வேண்டும். எட்டுப் பேர் உங்கள் பணத்துக்குத் தாங்காது. விளக்கு, வண்டி, காவலாளி, இந்த 20,000 எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு லட்சத்தை எடுத்து வைத்துவிட்டால் மிச்சம் மூன்று. ஆறு பேருக்கு ஆளுக்கு 50,000. அதில் 15,000 சன்மானம், 35,000 தயாரிப்புச் செலவு என்று பிரித்தே எழுதுங்கள். பிரிக்காவிட்டால் முழுவதையும் இரும்புக் கடையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற இனம் நாங்கள்.

இன்னொன்று. துரு என்றதும் எல்லோரும் பழைய இரும்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கலம்காரித் துணி ஓவியத்தில் கறுப்பு எப்படி வருகிறது? துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, அந்தச் சாற்றால் கடுக்காய் ஏற்றிய துணியில் கோடு இழுத்தால் கண்ணெதிரே கறுக்கும். துணிக்காரர்களும் வரலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பட்டறைக்காரன்:

தண்டையார்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சிற்பிகள் வரைந்து கொடுப்பதை நிற்கவைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கொச்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிகக் கட்டடத்தில் 2012இல் பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து பாழடைந்த குடோன் என்றாலே கலைஞர்களுக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. குடோனின் ஜாதகத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

முதல் கேள்வி, தொட்டியைக் குளிரவைக்கும் குழாய்களிலிருந்து அம்மோனியா வாயு முழுக்க இறக்கப்பட்டிருக்கிறதா? பூட்டிய கம்பெனி என்பதால் காலி என்று நினைக்க வேண்டாம். விவரம் தெரிந்த ஆளை வைத்துப் பார்க்காமல் அந்தக் குழாயின் பக்கத்தில் யாரும் வெல்டிங் தீயைக் கொண்டுபோகக் கூடாது. அடுத்தது, கேன் தூக்குவதற்கு மேலே தண்டவாளம் இருக்குமே, அதில் எதையும் தொங்கவிட அனுமதி இல்லை என்று எழுதிவிடுங்கள். வெளியே வண்ணம் நன்றாகத்தான் இருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு உப்பும். ஹவுசிங் போர்டு வீடுகளில் கூரை பிளந்து கம்பி தெரிவது அதனால்தான். உங்கள் கான்கிரீட் தூண்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா மாதிரி கார்டென் எஃகில் செய்கிறேன் என்று நிச்சயம் ஒருவராவது வருவார். மேலே ஒரு துருப்படலம் கட்டி, அது உள்ளிருக்கும் எஃகைக் காப்பாற்றும் என்பதுதான் அந்த எஃகின் சூட்சுமம். காசிமேட்டு உப்புக்காற்று அந்தப் படலத்தை நிலைக்கவிடாது. விலையும் அதிகம். உங்கள் இடத்தில் சாதா எஃகே ஒரு மாதத்தில் ஜோராகத் துருப்பிடிக்கும், காசை வீணாக்க வேண்டாம். ஆசிட் ஊற்றி அவசரத் துரு ஏற்றுவதையும் தடை செய்யுங்கள். மூடின கொட்டகையில் அந்தப் புகையை மூச்சில் இழுக்க முடியாது.

கல்மண்டபத்தான்:

அக்கா, உங்கள் அப்பாவின் கம்பெனியில் எங்கள் படகுக்கு ஐஸ் எடுத்திருக்கிறோம். பாரைத் தள்ளிவிட்டால் சறுக்கிக்கொண்டு வந்து காலில் இடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், தடைக்காலம் முழுவதும் நாங்கள் செய்கிற வேலையே துரு சுரண்டுவதுதான். வலை இழுக்கும் வின்ச், நங்கூரம், படகைத் தள்ளும் காற்றாடியின் தண்டு, ஒன்றையும் விட முடியாது. எங்களுக்கு அது செலவு. அதையே வாசலில் விளக்குப் போட்டுக் காட்டினால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள், ஆனால் பார்க்க வருவார்கள். அதற்கு வழி வையுங்கள். மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பகலில் ஒருவரும் நிற்க முடியாது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை திறந்தால் வேலை முடித்துக் குளித்துவிட்டு வருவோம்.

விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் மட்டும் கேட்கப்போகிறீர்களா? துறைமுகத்தில் ஒரு வெல்டர் இருக்கிறார், உடைந்த செயினில் கொக்கு செய்து டீக்கடை வாசலில் வைத்திருக்கிறார். ஒரு பக்கம் எழுது என்றால் அவர் ஓடிவிடுவார். பேசி அனுப்பச் சொன்னால் விடியும்வரை பேசுவார்.

ராயபுரம் டீச்சர்:

மேற்கோள் பத்தியைக் கிழித்துப் போட்டாயிற்று. இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியது, கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

அம்மோனியாவை மூடிய வருடமே இறக்கியதாகத் தம்பி சொல்கிறான். தாள் எதுவும் அகப்படவில்லை, அதனால் மறுபடி ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வேலை முடிந்த பிறகுதான் அழைப்பு வெளியே போகும். புதிய வடிவம்:

"காசிமேட்டில் ஒரு பழைய ஐஸ் கம்பெனி. உப்புத் தொட்டியும் 160 தகரக் கேன்களும் உள்ளே இருக்கின்றன. ஒரு கேன் தொட்டால் உதிர்கிறது. ஒன்றில் அப்பா அடித்த கடைசிப் பூச்சு இன்னும் சிவப்பாக இருக்கிறது. இந்த இடத்தில், துருவை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்? கேன்களை எடுத்துக்கொள்ளலாம், அந்தச் சிவப்புக் கேனைத் தவிர. இரும்பு, துணி, காகிதம், ஒலி எதுவும் சம்மதம். தண்டவாளத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது, ஆசிட் கூடாது. ஆறு பேருக்கு இடம். சன்மானம் 15,000, தயாரிப்புக்கு 35,000. கட்டணம் கிடையாது. தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுதுங்கள், அல்லது ஐந்து நிமிடம் பேசி அனுப்புங்கள். எல்லோருக்கும் பதில் வரும்."

கடைசித் தேதி ஜனவரி 31. அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்கு மேல் வந்து இடத்தைப் பார்க்கலாம். காலையில் வேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் சந்துக்குள் நுழையவே முடியாது. ரப்பர் செருப்போடு வராதீர்கள், தரையெல்லாம் ஆணி.