ரோட் ஐலண்ட் மட்டி சவுடர்: 'தண்ணியா இருக்கு' என்று திருப்பி அனுப்புகிறார்கள்

இடம் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம், நியூபோர்ட் பக்கம் ஒரு சின்ன உணவகம். பாலும் தக்காளியும் சேராத உள்ளூர் சவுடர்தான் (மட்டியும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்) இங்கே. பால் சேர்த்த கெட்டியான பாஸ்டன் பாணி வெள்ளைச் சவுடரை எதிர்பார்த்து வரும் வெளியூர்க்காரர்கள் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கோடை தொடங்கியதிலிருந்து இதே கதை.

8 லிட்டருக்கு அளவு: குவாஹாக் (கெட்டி ஓடுள்ள மட்டி வகை) இறைச்சி ஒன்றரை கிலோ, மட்டி வேகவைத்த சாறு 4 லிட்டர், உருளைக்கிழங்கு 2 கிலோ, வெங்காயம் 1 கிலோ, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு 250 கிராம். மட்டியைக் கடைசி 5 நிமிடத்தில்தான் போடுகிறோம், முந்தினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

செய்து பார்த்தவை:
- உருளையில் கால்பங்கை மசித்தோம். சாறு கலங்கி, கடல் வாசனை அமுங்கிவிட்டது.
- சாற்றைப் பாதியாக வற்றவைத்தோம். உப்புக் கரித்தது.
- வெண்ணெயில் வறுத்த மைதா. உள்ளூர்க்காரர்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்து முகம் சுளித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம், அது வேறு சவுடர்.
- சூடான பால் தனிக் குவளையில் (இங்கே பழைய வழக்கம்தான்). பலர் தொடுவதே இல்லை.
- மெனுவில் 'தெளிந்த சாறு' என்று போட்டோம். பலன் இல்லை.

உப்பு ஏறாமல், சாறு கலங்காமல், வாயில் கொஞ்சம் கனம் தெரிய என்ன சேர்க்கலாம்?