புதுப்பிப்பு: தரிசன நோட்டில் நிறைவேறும் தேதி போட வேண்டாம்

தேவன் தந்த தரிசனத்தை, அதாவது நம் வாழ்வில் அவர் செய்யப்போவதாகக் காட்டியதை, வேதாகமத்தில் ஆபகூக் 2:2 சொல்கிறபடி நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன் போன இழையில். அதில் ஒரு திருத்தம். எழுதிய நாளைக் குறியுங்கள். நிறைவேறும் நாளைக் குறிக்காதீர்கள். அந்த நாள் சும்மா கடந்துபோகும்போதுதான் பலர் சோர்ந்து நோட்டையே மூடிவிடுகிறார்கள். அடுத்த வசனமே தாமதித்தாலும் காத்திருக்கச் சொல்கிறது.

வேதாகமத்தில் யோசேப்பு, தான் உயர்த்தப்படுவதாகச் சொப்பனம் கண்டபோது வயது 17, உயர்வு பெற எகிப்து ராஜா பார்வோன் முன் நின்றபோது 30. இடையில் 13 வருஷம். சிறையில் உதவி பெற்ற ராஜாவின் பானபாத்திரக்காரன் அவரை மறந்துபோன 2 வருஷமும் அதில் அடக்கம். அடிமையாக இருந்த போத்திபார் வீட்டிலும் சிறையிலும் கையிலிருந்த வேலையைத்தான் ஒழுங்காகச் செய்தார். வேலூரில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடரும் அப்படித்தான்; 1900இல் ஒரே கட்டிலோடு மருத்துவமனையைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918இல்.

ஆகவே தேதிக்குப் பதில், இந்த வாரம் முடிக்கக்கூடிய ஒரே ஒரு அடியை எழுதுங்கள். ஆராதனையில் கீபோர்டு வாசிக்க ஆசையா? தினம் 20 நிமிடப் பயிற்சி. சனிக்கிழமை ஜெபத்தில் பார்த்து, முடிந்ததை அடித்துவிட்டு அடுத்ததை எழுதலாம்.

யாரிடம் சொல்வது? உங்களுக்காக ஜெபிக்கிற, "இது உன் சொந்த ஆசைப்பா" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தயங்காத ஓரிருவரிடம் மட்டும். சாட்சி நேரத்தில் மைக்கில் அறிவித்தால், அப்புறம் ஞாயிறுதோறும் "என்னாச்சு?" என்ற விசாரிப்புதான் பெரிய பாரம்.