மறுமொழி: டியூமர் மாக்கருக்குத் தமிழ் - 'காட்டி'யா, 'சுவடா'?

அன்பின் நண்பர்களுக்கு,

நாங்கள் மொழிபெயர்க்கிற துண்டுப்பிரசுரத்தில் 'டியூமர் மாக்கர்' என்பதற்கு, அதாவது புற்றுநோயைப் பற்றித் தெரிந்துகொள்ள இரத்தத்திலோ சதையிலோ அளக்கிற பொருட்களுக்கு, என்ன தமிழ் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> மாக்கருக்குக் 'காட்டி' போதுமே. பள்ளிக்கூடத்தில் பினோத்தலீன் காட்டி என்றுதானே படித்தோம்?

மல்லாகம் அண்ணை, படித்தோம்தான். எனக்குப் பயமே அதில்தான். பினோத்தலீன் காரத்தில் இளஞ்சிவப்பாகும், அமிலத்தில் நிறமில்லாமல் நிற்கும். பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லலாம். இரத்தத்தில் அளக்கிற இந்தப் பொருட்கள் அவ்வளவு நேர்மையானவை அல்ல.

போன மாதம் எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவர் தகப்பனின் றிப்போட்டோடு படலையில் வந்து நின்றார். கமரா விட்டு எடுத்த சதையில் இரைப்பைப் புற்று என்று ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. கையிலிருந்த இரத்தப் பரிசோதனைத் தாளில் சீ.ஈ.ஏ. (CEA) என்ற மாக்கர் 3.1, எல்லை 5. கீழே ஆய்வுகூடம் தமிழிலும் அச்சடித்திருந்தது: 'புற்றுநோய்க் காட்டி - சாதாரணம்'. அந்த வரிக்கு நீலப் பேனையால் இரண்டு கோடு. "அண்ணை, அப்ப கன்சர் இல்லையெல்லோ? சதை பார்த்ததிலதான் பிழை போல." சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாமோ என்று வீட்டில் கதை தொடங்கிவிட்டதாம். அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் போனது. அந்தத் தாள் பிழையாக எதையும் அளக்கவில்லை. சொல்தான் கவிழ்த்தது.

சீ.ஈ.ஏ.யை 1965இல் மொன்றியலில் கோல்டும் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றில் கண்டார்கள். ஆனால் அது புகைப்பவருக்கும் ஏறும், ஈரல் நோயாளருக்கும் ஏறும். இன்னொரு மாக்கரான சீ.ஏ. 19-9க்கு (CA 19-9) வழக்கமான எல்லை 37. பித்தக்குழாய் அடைபட்டாலே அது எகிறிவிடும். மறுபக்கம், லூயிஸ் என்ற குருதிக்கூட்டப் பொருள் (ஏ, பி, ஓ போல இன்னொரு குருதிப் பிரிவு) இல்லாதவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர். புற்று முற்றினாலும் அவர்கள் உடல் சீ.ஏ. 19-9ஐ ஆக்குவது அரிது. இரைப்பைப் புற்றின் தொடக்கத்தில் பெரும்பாலானோருக்கு சீ.ஏ. 72-4 என்ற மற்றொரு மாக்கர் உட்பட எதுவுமே ஏறுவதில்லை.

அப்புறம் ஏன் பார்க்கிறார்கள்? சத்திரசிகிச்சைக்கு முன்பே ஏறியிருந்தால், நோய் நிணநீர்க் கணுவுக்கோ ஈரலுக்கோ வயிற்றறையின் உள்ளுறைக்கோ போயிருக்க வாய்ப்புக் கூட. ஆயுளும் குறையும் பக்கம். வெட்டியபின் இறங்கியது மறுபடி ஏறினால், புற்று திரும்புகிறதோ என்று ஸ்கான் எடுக்கச் சொல்வார்கள். இதுதான் அதன் வேலை.

ஆகவே 'சுவடு'. மழை விட்ட காலையில் செம்பாட்டுத் தோட்டத்தில் மாட்டின் குளம்படி கிண்ணம்போலப் பதிந்திருக்கும். அதே மாடு கல்நிலத்தால் போனால் ஒன்றும் இராது. சுவடு இல்லை என்பதால் மாடு வரவில்லை என்று எந்தத் தோட்டக்காரனும் சொல்லமாட்டான். கத்தரிக் கன்றைப் போய்ப் பார்ப்பான்.

> சுவடு போனதைச் சொல்வது. இது இருப்பதை அளப்பது. ஓலைச்சுவடி என்றும் குழம்பும்.

சுவடியோடு யாரும் குழம்பப்போவதில்லை, அதை விடுங்கள். முதல் பாதி நல்ல கேள்வி, அக்கா. ஆனால் நாம் அளப்பது கட்டியை அல்ல, பெரும்பாலும் கட்டி இரத்தத்தில் உதிர்த்துவிட்டதை. கட்டியை வெட்டி எடுத்தபின்னும் அது சில நாள், சில வாரம் இரத்தத்தில் கிடந்துதான் மறைகிறது. அதனால் சுவடு பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

முன்னொட்டுக்குக் 'கட்டி' போட்டால் 'கட்டிக்காட்டி' என்று நாக்குப் புரளும். 'கழலை' என்றால் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். 'புற்றுச்சுவடு' என்று வைப்போம். வீட்டில் சொன்னபோது "பாம்பு போன தடமோ?" என்று சிரிப்பு. பரவாயில்லை, மறக்காது.

இனித்தான் உண்மையான சிக்கல். எங்கள் சொற்பட்டியலில் இரண்டு வேறு சங்கதிக்கு 'முன்கணிப்பு' என்ற ஒரே சொல் கிடக்கிறது. ஒன்று, எந்த மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோய் எப்படிப் போகும் என்று சொல்வது, சீ.ஈ.ஏ. இந்தப் பக்கம். மற்றது, இந்த மருந்துக்கு இந்த நோய் கேட்குமோ என்று சொல்வது. முற்றிய இரைப்பைப் புற்றில் ஹெர்2 (HER2, புற்றணுவின் மேலுள்ள ஒரு புரதம்) மிகுந்திருந்தால் ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2010இல் வெளிவந்த டோகா (ToGA) என்ற மருந்து ஆய்வுக்குப் பிறகு வந்த வழக்கம் இது. ஹெர்2ஐப் பார்ப்பது வழக்கமாகச் சதைத் துண்டில், இரத்தத்தில் அல்ல. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் டொக்டருக்குக் குழப்பமில்லை, மொழிபெயர்க்கிற எங்களுக்குத்தான்.

முதலாவதற்குப் 'போக்குச் சுவடு'. இரண்டாவதற்கு எங்கள் ஆச்சிமாரே சொல் தந்திருக்கிறார்கள்: "மருந்துக்குக் கேக்குமோ பிள்ளை?" அதிலிருந்து 'கேட்புச் சுவடு' என்று எடுத்தேன். காதில் ஏலம் விடுவதுபோல இடறுகிறது. 'இசைவுச் சுவடு' மெல்லியது, ஆனால் பாட்டுக் கச்சேரி வாசம்.

மாக்கர் என்றே விட்டால் என்ன என்று கேட்டவர்களுக்கு: தப்பில்லை. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் காலத்து வேதியியல் நூலே 1875இல் 'கெமிஸ்தம்' என்ற பெயரோடுதான் வந்தது. ஆனால் 'மாக்கர் நோமல்' என்று போட்டாலும் அந்தத் தம்பி அதே கோட்டைத்தான் கீறியிருப்பார்.

துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போக ஞாயிறு வரை இருக்கிறது. 'கேட்பு'க்கு வேறு சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். மல்லாகம் அண்ணையின் வாக்கு 'காட்டி'க்கு என்று குறித்துக்கொண்டேன். மாற்றுவதென்றால் சனிக்கிழமைக்கு முன் சொல்லுங்கோ.

அன்புடன்,
கோண்டாவிலிலிருந்து