1997 நெப்ராஸ்கா – மிசௌரி பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்: அன்று அங்கே இருந்தவர்கள் உண்டா?

புலிவால்:
நவம்பர் 8, மிசௌரியின் கொலம்பியா ஊர், ஃபரோ ஃபீல்டு மைதானம். தெரிந்தவர்களுக்கு இதுவே போதும். நான் அப்போது மிசௌரியில் எம்.எஸ். முதல் வருடம். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம். ஃபுட்பால் என்றால் ஒரு மண்ணும் தெரியாது, அமெரிக்க ரூம்மேட்தான் இழுத்துக்கொண்டு போனான். முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்காவுக்கு எதிராக 38-31 என்று முன்னால் நிற்கிறோம். மிச்சம் 7 விநாடி. நெப்ராஸ்காவின் ஸ்காட் ஃப்ராஸ்ட் எறிந்த பந்து அவர்கள் ஆள் விக்கின்ஸ் கையில் நிற்காமல் தெறித்தது. அவ்வளவுதான், கூட்டம் சுவரைத் தாண்டிக் குதித்தது. நானும் குதித்தேன்.

புல்லில் கால் ஊன்றி நிமிர்ந்தால் நடுவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஆட்டம் முடிந்தது என்று சொல்கிறார் போல என்று நினைத்தேன். அது டச் டவுன் சைகை, நெப்ராஸ்கா புள்ளி எடுத்துவிட்டது என்று அர்த்தம். மூன்று மணி நேரம் பார்த்தும் அது மண்டையில் ஏறவில்லை! ரூம்மேட்டைக் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, வாழ்த்துகள் என்று கத்தினேன். அவன் ஒன்றும் பேசாமல் என் கையை விலக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அந்த முகம் இன்னும் போகவில்லை. அப்புறம் ஓவர்டைமில் 45-38 என்று தோற்றதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை.

சோளக்காட்டான்:
புலிவால், நீங்கள் குதித்த நேரத்தில் நான் நெப்ராஸ்கா அணியின் ஊரான லிங்கனில், லேபில். சனிக்கிழமையும் வேலை. எங்கள் புரொபசர் ரேடியோ வைத்திருந்தார். கடைசி 62 விநாடி, டைம் அவுட் எதுவும் கையில் இல்லை, பந்து நம் பக்கம் 33-வது யார்டில். ரேடியோவை அணைத்துவிட்டு, "லைட்டை அணைத்துவிட்டுப் போ" என்று எனக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, திரும்பப் போட்டேன். சத்தம் வந்ததும் பார்க்கிங்குக்கு ஓடினேன். மனிதர் காரை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியைத் தட்டினேன். என்ன சொல்வது? கையில் பட்டது, காலில் பட்டது, கீழே விழுவதற்குள் நம் டேவிசன் பாய்ந்து பிடித்தான் என்று என் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். கையைக் காலை ஆட்டிக் காட்டினேன். "கால் எதற்கு?" என்றார். அதே கேள்வியை மூன்று தடவை கேட்டார். கையால் ஆடுகிற இந்த ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தது அன்று ஒருநாள்தான் பொருந்தியது.

ஆன் ஆர்பர் அங்கிள்:
எல்லாரும் அதிசயம் என்கிறீர்கள். தரையில் விழப்போகும் பந்தை வேண்டுமென்றே உதைத்தால் பெனால்டி, விதி அது. நடுவர் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். அதே நாளில் நாங்கள், மிச்சிகன், பென் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே வைத்து 34-8 என்று அடித்தோம். முதலிடம் எங்களுக்கு வந்தது சும்மா இல்லை. ஜனவரியில் தேசிய சாம்பியன் யார் என்பதற்குப் பத்திரிகையாளர் வாக்கு எங்களுக்கு 51.5, உங்களுக்கு 18.5. பயிற்சியாளர்கள் மட்டும் 32-30 என்று உங்களுக்குப் போட்டார்கள். உங்கள் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் 25 வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெறுகிறார் என்று வைத்த மொய் அது.

என் அனுபவம் என்றால், ஒஹாயோ ஸ்டேட்டை 20-14 என்று வென்ற நாள். ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம், எங்கள் ஆள் சார்லஸ் வுட்சன் பல்லிடுக்கில் ரோஜாவோடு நிற்கிறார். நான் மூக்கு உறைந்து அழுதேன்.

சோளக்காட்டான்:
மொய்யா? சீசன் முடிவில் ஆடும் ஆரஞ்சு பவுல் மேட்ச்சில் பெய்டன் மேனிங் இருந்த டென்னசியை 42-17 என்று அடித்தோம் அங்கிள். அதற்கு முந்தின நாள் ரோஸ் பவுலில் வாஷிங்டன் ஸ்டேட்டோடு உங்களுக்கு 21-16. மொய் எங்கே விழுந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஓ ஸ்ட்ரீட்காரன்:
சண்டை வேண்டாம். மிச்சிகன் ஆடும் பிக் டென் லீக்கில் ஜெயித்த அணி ரோஸ் பவுலுக்குத்தான் போக வேண்டும் என்ற ஒப்பந்தத்தால் இரண்டு அணியும் மோத வழியே இல்லை. முதல் இரண்டு அணிகளை மோத வைக்கும் பிசிஎஸ் முறை அடுத்த வருடம் வந்தது, தாமதமாக.

நான் லிங்கனுக்கு வந்தது 1997 ஆகஸ்டில். ஒரு சனிக்கிழமை பால் வாங்கக் கிளம்பினால் தெருவில் ஈ காக்காய் இல்லை. திடீரென்று வானம் முழுக்கச் சிவப்பு பலூன். கல்யாண ஊர்வலம் போல என்று நினைத்துவிட்டேன். நெப்ராஸ்காவின் முதல் பாயிண்டுக்கு அப்போதெல்லாம் விட்ட பலூனாம், கடைக்காரப் பாட்டி சொன்னார். இதுதான் என் கதை.

இந்த வருடம் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படிக்கத்தானே போகிறான், ஃபுட்பால் எதற்கு என்று கேட்காதீர்கள். லிங்கனில் நெப்ராஸ்கா ஆடும் மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 முதல் ஒரு மேட்ச்சுக்கும் டிக்கெட் மீந்ததில்லை. மேட்ச் நாளில் அதுதான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்பார்கள். ஒரு தடவையாவது மாணவர் டிக்கெட்டில் போகச் சொல்லுங்கள். சிவப்புச் சட்டை போட வேண்டும், எதிரணி நிறத்தில் போய் உட்காரக் கூடாது. நவம்பர் என்றால் சாக்ஸ் இரண்டு ஜோடி, அடியில் தெர்மல். ரன்சா என்ற அடைத்த பன்னுக்குள் முட்டைக்கோஸ் இருக்கிறதே என்று சைவம் என நினைத்து வாங்கிவிட வேண்டாம், மாட்டிறைச்சியும் இருக்கும். தெரியாத விதியைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கலாம், சந்தோஷமாகச் சொல்லித் தருவார், ஆனால் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது. முக்கியமாக, நடுவர் கையைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று முதலில் தெரிந்துகொண்டு போகட்டும். புலிவால் தம்பி கோபித்துக்கொள்ளாதே.

புலிவால்:
கோபம் இல்லை அண்ணே. அங்கிள், விக்கின்ஸ் வேண்டுமென்றே உதைத்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். முன்னால் இருந்தவர்களின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. ரூம்மேட் உட்கார்ந்த இடத்தில் ஒரு கைப்பிடி புல்லைப் பிடுங்கி ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டிருக்கிறான். அடுத்த வாரம் இரண்டு பேர் துணியையும் ஒன்றாக மெஷினில் போட்டேன். என் வெள்ளைச் சட்டை இரண்டு பச்சையாகிவிட்டது. நான் எதுவும் கேட்கவில்லை.