எபாக்சி ஹார்ட்னருக்குத் தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பாதுகாப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் எபாக்சி பற்றி ஒரு பாடம்: ரெசின், ஹார்ட்னர் இரண்டையும் கலந்தால் இறுகும் பசை. ரெசினைப் பிசின் என்று எழுதிவிட்டேன். அதை இறுக வைக்கும் ஹார்ட்னருக்கு என்ன எழுதுவது? பாடத்தில் வருவது மெத்திலீன் டைஅனிலின், சுருக்கமாக எம்.டி.ஏ. வெளிர் மஞ்சள் படிகம். தோல் வழியாகவே உடம்பில் ஏறி ஈரலைக் கெடுக்கும். 'கடினமாக்கி' என்றால் வகுப்பில் யார் வாயிலும் நிற்கவில்லை. உதவுங்கள்.

— ச.

//ரெசினைப் பிசின் என்று எழுதிவிட்டேன்//

அம்மா, முதலில் அதைத் திருத்துங்கள். முருங்கைப் பிசினும் கருவேலம் பிசினும் நீரில் ஊறுபவை. ரெசின் நீரில் கரையாது. அதற்குக் குங்கிலியம்தான் இனச்சொல்.

ஹார்ட்னருக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. பாலைத் தயிராக்க இடும் 'உறை' இருக்கிறது. புறநானூறு 276-ஐப் பாருங்கள்: "குடப்பால் சில்லுறை போல". ஆய்மகள் நகத்தால் தெறித்த சிறு துளி குடம் பால் முழுவதையும் மாற்றிவிடுகிறது. அப்படி ஒருவனே பகைப்படை முழுவதற்கும் நோயானான். உறையும் நோயும் ஒரே பாட்டில்! எம்.டி.ஏ.வுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது?

— புலவர் கு.

எங்கள் வீட்டில் பிரை குத்துவது என்போம் ஐயா. உறையும் பிரையும் ஒரே வேரா?

— த.

பிரைக்குத் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து.

ஐயா, பாட்டு அருமை. ஆனால் வேதியியல் வேறு. உறைமோர் கொஞ்சம் கூடினால் தயிர் புளிக்கும், அவ்வளவுதான். வழக்கமான எபாக்சி ரெசின் 100 பங்குக்கு எம்.டி.ஏ. ஏறக்குறைய 27 பங்கு வேண்டும். அதன் அமீனில், அதாவது நைட்ரஜன் உள்ள தொகுதியில், இருக்கும் ஒவ்வொரு ஹைட்ரஜனும் ரெசின் மூலக்கூற்றின் ஓர் எபாக்சி வளையத்தைத் திறந்து பிணைந்து, தானும் அந்த வலைக்குள் போய்விடுகிறது. அளவு மிஞ்சினால் பிணையாத எம்.டி.ஏ. உள்ளேயே தங்கும். பிறகு அதை அறுத்துத் தேய்ப்பவர் மூச்சில் அந்தத் தூசி. படிகம் உருக 90 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும், அப்போது ஆவியும் உண்டு. 'உறை' என்று படித்த பையன் கண்ணளவில் போட்டுவிடுவான்.

இன்னொன்று. "உறையைத் தொடுமுன் கையுறை அணிக" என்று எச்சரிக்கை எழுத முடியுமா? என் ஓட்டு 'இறுக்கி'.

— ந., வேதியியல்

பட்டறையில் இறுக்கி என்றால் கிளாம்ப்பை எடுத்து வருவார்கள். டப்பாவில் ஹார்ட்னர், கடை பில்லில் ஹார்ட்னர், மேஸ்திரி வாயிலும் ஹார்ட்னர். கையேட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தால், ஆபத்தான டப்பா எது என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

எப்பிங்கை நினைத்துப் பாருங்கள். 1965-ல் இங்கிலாந்தின் எசெக்ஸில் இருக்கும் அந்த ஊரில் 84 பேருக்கு மஞ்சள் காமாலை. மாவு மூட்டை வந்த வண்டியில் எம்.டி.ஏ. சிந்தி, மூட்டைக்குள் இறங்கியிருந்தது. அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்கு முதலில் வயிற்று வலி, அப்புறம் கண் மஞ்சளானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 ஆகஸ்டுக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் இதைப் பயன்படுத்த முடியாது. இப்படிப்பட்ட பொருளுக்கு முன்னால் சொல் தூய்மை இரண்டாம் பட்சம்.

— மு., ஐடிஐ பயிற்றுநர்

//சொல் தூய்மை இரண்டாம் பட்சம்//

அப்படித்தான் ஒவ்வொரு துறையாக விட்டுக்கொடுத்தோம். அமிலமும் காரமும் ஒருநாள் புதிதாகத்தானே இருந்தன? சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் சொல்வார்கள். கையுறைதான் தடை என்றால் 'உறைப்பி' என்று வைக்கலாமே.

— புலவர் கு.

உறைப்பி என்றால் மிளகாய் நினைவுதான் வருகிறது ஐயா. அமீனை மட்டும் சொல்வதானால் 'பிணைப்பி'யும் பொருந்தும், ஆனால் எல்லா ஹார்ட்னரும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை.

— ந.

எல்லோருக்கும் நன்றி. நான்கு பேர் 'இறுக்கி' என்கிறீர்கள், இருவர் 'ஹார்ட்னர்'. பாடப் பகுதியில் இறுக்கி என்றும், எச்சரிக்கைப் பக்கத்திலும் டப்பா படத்துக்குக் கீழும் ஹார்ட்னர் என்றும் போடுகிறேன். எப்பிங் செய்தியைப் பெட்டிச் செய்தியாகச் சேர்த்துவிட்டேன். பிசின் அப்படியே இருக்கும்.

— ச.

அச்சுக்குப் போகட்டும் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் இறுக்கியை நான் ஏற்கவில்லை என்பது பதிவாகட்டும். குங்கிலியம் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

— புலவர் கு.