அப்பாவுக்கு டேபென்டடால் கிடைக்கவில்லை – மதுரை, விருதுநகர் பக்கம் உதவி தேவை

அப்பாவுக்கு 68 வயது, 20 வருடமாகச் சர்க்கரை. பொங்கலுக்கு அப்புறம் பாத எரிச்சல் அதிகமாகி, இரவில் போர்வை பட்டாலே துடிக்கிறார். நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பது டேபென்டடால் என்ற வலி மாத்திரை, 50 மி.கி., காலை, இரவு.

விருதுநகரில் எந்தக் கடையிலும் இல்லை. இளைஞர்கள் இதைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்வதால் வாங்கி வைப்பதே இல்லையாம். மதுரையில் ஒரு பெரிய கடையில் சீட்டைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. போதைக்கு விற்பவர்களைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உண்மையான நோயாளி எங்கே போவார்?

முதலில் நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் கொடுத்துப் பார்த்தாயிற்று. கால் வீங்கி, பகலெல்லாம் மயக்கம். அடுத்து டிரமடால் என்ற வலி மாத்திரை. அது 2018 ஏப்ரலிலிருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழ் இருந்தாலும் எப்படியோ கிடைத்தது. ஆனால் அப்பா மனச்சோர்வுக்கு எஸிட்டலோபிராம் சாப்பிடுகிறார். இரண்டும் சேர்ந்து செரடோனின் என்ற மூளை ரசாயனத்தை ஏற்றிவிட, கை நடுக்கமும் வியர்வையும் வந்தன. மருத்துவர் உடனே நிறுத்திவிட்டார். டேபென்டடாலும் ஓபியாய்டு (அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்து) வகைதான் என்றாலும், அது முக்கியமாக நார்அட்ரினலின் என்ற வேறொரு ரசாயனத்தைத்தான் கூட்டும், செரடோனினை அதிகம் தொடாது என்பதால் குறைந்த அளவில், கண்காணிப்போடு தரலாம் என்கிறார்.

அசல் சீட்டு, ஆதார், மருத்துவமனைக் கோப்பு எல்லாம் கையில் இருக்கின்றன. கள்ளத்தனமாகவோ ஆன்லைனிலோ வாங்க மாட்டேன்.

மதுரை, விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில், சீட்டைப் பதிவு செய்துகொண்டு பில் போட்டு டேபென்டடால் தரும் மருந்துக்கடையோ மருத்துவமனை மருந்தகமோ எது?